கால் தட்டிக் காத்திருந்த இடம்

இன்று காலை டேப்லெட்டின் உறையைத் திறந்ததும் தைல வாசனை வந்தது. என் வீட்டில் யாரும் தைலம் பூசுவதில்லை. விரல் மூட்டு பிடித்துக்கொள்கிறது என்று கிட்டாரை எடுக்கும் முன்னால் நீங்கள்தான் பூசிக்கொள்வீர்கள். பிறகு அதே விரலால் திரையைத் தொடுவீர்கள். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உறையைத் துடைத்துப் பார்த்தேன், வெயிலில் காயவைத்தும் பார்த்தேன். சில நாள் வாசனை இருப்பதில்லை. சில நாள், இப்போதுதான் கீழே வைத்துவிட்டு எழுந்து போனதுபோல இருக்கிறது.

ஓசூர்ப் பக்கத்துப் பள்ளியில் நான் அறிவியல் வாத்தியார், நீங்கள் டிரில் மாஸ்டர். குடியரசு நாள் அணிவகுப்புக்குப் பழக்கும்போது பின்வரிசையில் ஒருவனுக்கு எப்போதும் கால் தப்பும். அவனை வெளியே நிறுத்திவிடச் சொல்வார்கள். நீங்கள் நிறுத்தியதில்லை. அவன் கால் தரையில் விழும்வரை விசிலை நூலளவு தாமதித்து ஊதுவீர்கள். அணி மொத்தமும் அவனோடு சேர்ந்துகொள்ளும். அவனுக்கே அது தெரியாது. "அவனெப் புடிச்சு இழுக்கக் கூடாதுங்க சார். கொஞ்சம் நின்னா அவனே வந்துருவான்" என்பீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நான் கிட்டார் பழக வந்தேன். நீங்கள் இளவயதிலிருந்தே சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர். தொழிற்சாலைச் சுவரை ஒட்டியிருந்த உங்கள் வீட்டு முன்னறையில் இருவரும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காருவோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெரிய இயந்திரம் பகலெல்லாம் 'ம்' என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். எதைப் பதிந்தாலும் அந்த முனகலும் சேர்ந்தே பதியும். சன்னலைச் சாத்தினோம், கம்பளி தொங்கவிட்டோம், பயனில்லை. ஒருநாள் நீங்கள் கிட்டாரின் கம்பிகளைக் கொஞ்சம் இறக்கி அந்த முனகலோடு சேர்த்துவிட்டீர்கள். "அதோட எதுக்கு சண்டெ? இனிமே அதுதான் நம்ம தம்பூரா" என்று சிரித்தீர்கள். சுருதி காட்டும் செயலியில் உங்கள் கம்பி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளக்குதான் எரியும். நீங்கள் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டீர்கள். நானும் உங்களோடு இறக்கிக்கொண்டேன்.

பதிவதற்கு ஒரு முறை வைத்திருந்தீர்கள். முதலில் ஏரோப்ளேன் மோட். பிறகு அரிசி டப்பாவின் மேல் மடித்த துண்டு, அதன்மேல் டேப்லெட். கிட்டாரின் வட்ட ஓட்டைக்கு நேராக வைத்தால் சத்தம் உருண்டு கலங்கும். கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு நேராக வைத்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். பொத்தானை அழுத்திவிட்டு "ஒந்து, எரடு, மூரு" என்று எண்ணுவீர்கள். கர்நாடக எல்லையோரத் தளியில் பிறந்து வளர்ந்தவர். எண்ணும்போது மட்டும் வாயில் கன்னடம் வரும். "மெட்டு வந்த ஒடனே புடிச்சு வெச்சிரணும் சார். காப்பி குடிச்சிட்டு வந்து பாத்தா அது இருக்காது" என்பது உங்கள் பாடம். பதிந்தவற்றுக்குப் பெயர் வைப்பதும் விநோதம்தான்: 'குக்கர்', 'தளி பஸ் மழை', 'கரண்ட் போச்சு'. மெட்டு எங்கே வந்ததோ அதுதான் பெயர்.

இரண்டு பழக்கங்களை உங்களிடமிருந்து பிரிக்க முடிந்ததில்லை. ஒன்று, நான் வாசிக்கும் முறை வந்தால் ரப்பர் செருப்புக் காலால் தரையில் தாளம் தட்டுவீர்கள். முதல் விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்த வேண்டிய எஃப் கார்டு வரும்போதெல்லாம் எனக்கு விரல் தடுமாறும். உங்கள் கால் அந்தரத்தில் நிற்கும். நான் வந்து சேர்ந்ததும் விழும். இன்னொன்று, வாசித்து முடித்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்த மறந்துவிடுவீர்கள். உங்கள் பதிவுகளுக்கெல்லாம் வால் உண்டு: இயந்திரத்தின் முனகல், தெருவில் ஸ்கூட்டர், அடுப்படியில் பாத்திரம். அதனால் கம்பிச் சத்தம் ஓய்ந்ததும் நானே நிறுத்திவிடுவேன். வாலை யார் கேட்பார்கள்?

பிறகு ஒரு காலையில் நடைப்பயிற்சிக்குப் போன மைதானத்திலேயே நீங்கள் உட்கார்ந்தீர்கள், எழவில்லை.

காரியங்கள் முடிந்தபின் உங்கள் மனைவி கிட்டாரையும் டேப்லெட்டையும் என்னிடம் கொடுத்தார். கிட்டாரைக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். டேப்லெட்டில் கடைசியாக ஒரு பதிவு இருந்தது. பெயர்: 'சாருக்கு'. நான் இல்லாத ஒரு நாளில் தனியாகப் பதிந்திருக்கிறீர்கள். எண்ணுகிறீர்கள், மெதுவாக ஒரு மெட்டு தொடங்குகிறது, ஏறுகிறது, எஃப் கார்டுக்கு முந்தைய படியில் நின்றுவிடுகிறது. அதற்குமேல் முனகல்தான். திரையில் ஒலி காட்டும் கோடு படுத்துவிட்டது. பாதியில் விட்டுவிட்டீர்கள் என்று நினைத்து நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகும் கூடத்தில் ஒரு கம்பி ஒலித்துக்கொண்டிருந்தது.

சுவரில் மாட்டிய உங்கள் கிட்டார். யாரும் தொடவில்லை. வகுப்பில் நான் செய்துகாட்டிய சோதனைதான் அது: ஒரே சுருதியுள்ள இரண்டு இசைக்கவைகளில் ஒன்றைத் தட்டினால் மற்றது தானாகப் பேசும். நீங்கள் சேர்த்த சுருதியிலேயே அது தொங்கியது; உங்கள் பதிவைக் கேட்டுப் பேசியது. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். காரணம் தெரிந்தது. ஆனாலும் எழுந்துபோய்க் கம்பியின்மேல் உள்ளங்கையை வைத்து அடக்கும்வரை என் கையில் மயிர் படியவில்லை.

முதல் வருட நினைவுநாள் நெருங்கியதும் உங்கள் மனைவி போன் செய்தார். "அது பாதியிலயே நிக்குதுன்னு சொன்னீங்களேண்ணா. மீதிய நீங்க வாசிச்சுக் குடுங்க. சர்ச்சுல வருசப் பூசெ முடிஞ்சு வூட்டுக்கு வர்றவங்களுக்குப் போட்டுக் காட்டணும்." விரல் வலி என்றேன். கம்பி மாற்ற வேண்டும் என்றேன். உண்மை வேறு. எஃப் கார்டுக்கு முந்தைய படியில் நீங்கள் இன்னும் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் பட்டது. மீதியை நான் வாசித்துவிட்டால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை. எழுந்து போய்விடுவீர்கள்.

"நீங்க முடிக்கலேன்னா யாரு முடிப்பாங்க?" என்று அவர் மறுபடியும் கேட்டபோது மறுக்க முடியவில்லை.

மதிய வேளையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தொங்கிய காலத்தில் உங்கள் கிட்டாரின் கம்பிகள் தளர்ந்திருந்தன. சுவரோரம் உட்கார்ந்து அந்த முனகலைக் கேட்டு இரண்டு கிட்டார்களையும் சேர்த்தேன். உங்களுடையதை உங்கள் நாற்காலியில் சாய்த்துவைத்தேன். வேறு இடம் தோன்றவில்லை. டேப்லெட்டின் சின்ன ஒலிபெருக்கி போதாது என்று, கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வீடுவீடாகத் தூக்கிப்போகும் ஸ்பீக்கர் பெட்டியை உங்கள் மனைவி கொண்டுவந்து வைத்தார். என் செல்போனை அரிசி டப்பாவின் மேல் துண்டு மடித்து வைத்துப் பதியவிட்டேன். 'சாருக்கு' ஓடியது. உங்கள் பகுதி முடிந்ததும் நிறுத்தவில்லை. பதிவு ஓட ஓட அதன் முனகலின் மேலேயே மீதியை வாசிக்கலாம் என்று தொடங்கினேன்.

அப்போதுதான் அது கேட்டது. தட், தட், தட்.

அடுப்படிக்குப் போயிருந்த உங்கள் மனைவி நிலைப்படிக்கு வந்துவிட்டார். என் கால்களைப் பார்த்தார், அவை அசையவில்லை. நாற்காலியைப் பார்த்தார். "அவரு செருப்புதானே?" என்றார்.

சின்ன ஒலிபெருக்கியில் முனகலுக்குள் முங்கிக் கிடந்த சத்தம், பெரிய பெட்டியில் அதே அறையில், அதே தரையில் விழுவதுபோல விழுந்தது. நான் வாசித்துக்கொண்டே போனேன். எஃப் கார்டு வந்தது. என் விரல் தடுமாறியது.

கால் நின்றது.

அறை முழுக்க முனகல் மட்டும். நான் கம்பிகளை அழுத்திச் சேர்ந்தேன். கால் விழுந்தது. அடுத்த சுற்றில் அதே இடம், அதே தடுமாற்றம். மறுபடியும் நின்றது, மறுபடியும் விழுந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால், ஆளில்லாத நாற்காலியின் முன் உட்கார்ந்து, நான் எங்கே எவ்வளவு தடுமாறுவேன் என்று தெரிந்து அதற்கு இடம் விட்டிருக்கிறீர்கள். பாதியில் நிறுத்தியது நீங்கள் அல்ல. நான்தான் ஒவ்வொரு முறையும் நிறுத்தியிருக்கிறேன்.

மூன்றாம் சுற்றுக்கு முன் உங்கள் குரல் வந்தது, வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லும் அதே குரல்: "சரிங்க சார். இப்ப சேந்து போலாம்."

உங்கள் கிட்டார் பதிவில் தொடங்கியது. நாற்காலியில் சாய்ந்திருந்த கிட்டாரின் கம்பிகளும் முனகின. எப்படி வாசித்தேன் என்று தெரியாது, முடித்தேன். வழக்கம்போல நீங்கள் பொத்தானை அழுத்த மறந்தீர்கள். நாற்காலி பின்னால் நகரும் சத்தம். பிறகு ரப்பர் செருப்பு சரக் சரக்கென்று அடுப்படிப் பக்கம் நடந்தது. நிலைப்படியில் நின்றிருந்த உங்கள் மனைவி வழிவிட்டு ஒதுங்கினார்.

அதன்பிறகுதான் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பூசை முடிந்து வந்தவர்கள் அதைக் கேட்டார்கள். அருமையாகச் சேர்ந்து வாசித்திருக்கிறீர்கள், எப்போது பதிந்தது என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று பயந்தேன். போனதையும் காதால் கேட்டுவிட்டேன். இருந்தாலும் தைல வாசனை வந்த நாள்களில் வாசிக்காமல் இருப்பதில்லை. இன்று காலையும் துண்டை மடித்து, செல்போனை வைத்து, நீங்கள் எண்ணுவதுபோல எண்ணித் தொடங்கினேன். எஃப் கார்டு இப்போது எனக்குத் தடுமாறாமல் விழுகிறது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் நூலளவு நிற்கிறேன். உங்கள் கால் விழட்டும் என்று.