யாரோ என்று சொன்னேன்

தம்பிக்கு,

இதய ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஆறு நாள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மற்றபடி நலம்.

நோயாளிகளின் வலி குறையப் புல்லாங்குழல் வாசிக்க ஒருவர் வருவார் என்று நர்ஸ் சொன்னபோது, அது நீயாக இருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. நேற்று நீ வார்டுக்குள் நுழைந்ததுமே பக்கத்துக் கட்டில்காரர், “உங்க சாடையாவே இருக்காரே, சொந்தமா?” என்று கேட்டார்.

“இல்லைங்க, யாரோ,” என்றேன்.

உன் காதில் விழுந்துவிட்டது. ‘ஊதிப் பிழைக்கிறவன்’ என்று ஏசி உன்னை வீட்டைவிட்டு அனுப்பியவன் நான். அன்றாவது என் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்தேன். இதற்கு என்ன சொல்வேன்?

நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “கண்ணை மூடிக்குங்க சார்,” என்றாய்.

சார்!

நீ வாசிக்க வாசிக்க, தையல் போட்ட நெஞ்சில் வலி மெல்ல இறங்கியது. ஊசி கேட்காமலே தூங்கிப்போனேன்.

இன்று காலை பக்கத்துக் கட்டில்காரரிடம் உண்மையைச் சொன்னேன்.

“தெரியும் சார். நீங்க தூங்கினதும் போர்வையை இழுத்து உங்க காலை மூடினாரு. ‘அண்ணனுக்குக் கால் சில்லிட்டா தூக்கம் கலைஞ்சிடும்’னாரு,” என்றார்.

நாளை நீ வரும்போது, வார்டே கேட்க ‘தம்பி’ என்று கூப்பிடுவேன். திரும்பிப் பார்ப்பாயா?

எழுதக் கை கூசினாலும்,
உன் அண்ணன்