கூப்பனுக்குப் போன மேலங்கி

ஆல்டோ ஓஸ்பிசியோ
ஜூன் 9

அன்பு மகள் யஸ்னாவுக்கு,

அம்மா நெலிடா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். கோத்தன்பர்க்கில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கக் கார்மேல் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. அந்த ஷாம்புக் கட்டிக்குப் பிளாஸ்டிக் புட்டி கிடையாது, எந்த முயலின் கண்ணிலும் விட்டுச் சோதிக்கவில்லை என்றெல்லாம் பெருமையாகச் சொன்னாய். முயல் தப்பித்தது, நான் மாட்டிக்கொண்டேன். நம் ஊர் உப்புத் தண்ணீரில் அது நுரைக்கவே இல்லை, தலைமுடி கயிறாக முறுக்கிக்கொண்டது, அப்பா தொட்டுப் பார்த்துவிட்டு, "மலை லாமாவோட முடியே தோத்துது போ" என்று சிரித்தார். பருத்திச் சட்டை நன்றாக இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். அதைத் தைத்த பெண்ணின் பெயரும் சிரித்த முகமும் போட்டு ஓர் அட்டை தொங்குகிறது. அவளுக்கு நியாயமான கூலி கிடைக்கிறதென்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மாதா திருவிழாவில் நீ போட்டு ஆடும் மேலங்கியைத் தைத்தவளின் முகம் அட்டை இல்லாமலே உனக்குத் தெரியுமே மகளே, அதை எப்படிப் பெட்டியில் போட மனம் வந்தது?

அன்றைக்கு நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், மேலங்கியை வெயிலில் காயப்போட்டாயா, ஜூலைத் திருவிழா நெருங்குகிறதே என்று. நீ கொஞ்சம் மென்று விழுங்கிவிட்டு, "அம்மா, அது முழுக்க பிளாஸ்டிக் துணிம்மா, ஜிகினா எல்லாம் பிளாஸ்டிக், துவைக்கத் துவைக்கக் கடல்லதான் போய்ச் சேருது, வீட்ல வெச்சுக்க மனசு கேக்கல" என்றாய். நீ வாங்கும் அந்த நியாயக் கூலிக் கடையில் பழைய துணிக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம், போட்டால் புதுத் துணிக்குக் கூப்பன் தருவார்களாம். சென்ற ஜூலையில் ஜரிகை பிரிந்திருக்கிறது, நானே தைத்துக் கொண்டுவருகிறேன் என்று நீயாகக் கேட்டு வாங்கிப்போன மேலங்கி அது. அதோடு விட்டாயா, இந்த வருஷம் வரப்போவதுமில்லை, விமானம் பூமியைக் கெடுக்கிறது, இனிமேல் ஏறுவதில்லை என்று தீர்மானம் என்றும் சொன்னாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது யஸ்னா. அப்பா ரொட்டிக்கு அவகாடோ தடவிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

நேர்ச்சையை நான் உன்மேல் சுமத்தவில்லை. துறைமுகக் கிடங்கில் பொதி அடுக்கிலிருந்து அப்பா விழுந்து, இனி நடக்க மாட்டார் என்று டாக்டர்கள் கைவிட்டபோது, பதினாறு வயதில் நீயேதான் லா திரானா கோவிலுக்குப் போய் மாதாவின் முன்னால் முழங்கால் போட்டு, பத்து வருஷம் உன் திருவிழாவில் ஆடுகிறேன், அப்பாவை எழுப்பிக் கொடு என்று அழுதாய். அவர் எழுந்தார். எட்டு வருஷம் ஆடினாய், ஸ்வீடனிலிருந்தும் வந்து ஆடினாய், இல்லையென்று சொல்லவில்லை. நேர்ச்சை உடையை முடிகிற வருஷம் மாதாவின் காலடியில் வைத்து விடைபெற்று வீட்டுக்கு எடுத்துவருவோம், விற்க மாட்டோம், எறிய மாட்டோம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், உனக்கு மறந்துவிட்டது. பட்டில் தைக்க வசதியிருந்தால் பட்டிலேயே தைத்திருப்பேன். மாதா பிளாஸ்டிக்கா பட்டா என்று பார்க்கவில்லை.

அந்தத் துணிக்குப் புது வாழ்வு கிடைக்கும் என்றாய். அந்தப் புது வாழ்வு எங்கே என்று என்னைக் கேட்டிருக்கலாம், நான்தானே அதைப் பிரித்து விற்கிறவள். உங்கள் ஊர்ப் பெட்டிகளில் விழுவது கப்பலேறிப் பொதியாக இங்கே வருகிறது, நல்லது என் மேசைக்கு, மிச்சம் மணல்மேட்டுக்கு, அப்புறம் எவனாவது தீ வைக்கிறான், அந்தப் புகையில்தான் உன் அப்பா தூங்குகிறார். விமானத்தைவிட அது சுத்தமா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து சந்தையில் பொதியை அறுத்ததும் வாடிக்கையாளரைக்கூடக் கவனிக்காமல் தோள்வரை கையை விட்டு நீல ஜிகினாவைத் தேடுகிறேன். பக்கத்துக் கடை சுனில்டா, "என்னடி, உள்ள புருஷன் எவனையாவது ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்கிறாள். கிடைக்காது என்று தெரியும். கை கேட்கவில்லை.

நம் ஆட்டக் குழுத் தலைவி டோமித்திலா சனிக்கிழமை வந்தாள். வரிசையில் உன் இடத்தை விடுவதா வைப்பதா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். உண்மையைச் சொன்னேன், எனக்கு வெட்கமாக இருந்தது. நேர்ந்தவர் ஆட முடியாவிட்டால் அதே வீட்டு ஆள் ஆடி முடிக்கலாம் என்றாள். நான் ஆடுகிறேன் என்றேன். "ஏன்க்கா, உன் முட்டி தாங்குமா? மூணு நாளு ஆடணும்" என்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்கும் என்றேன். புது மேலங்கியை என் அளவுக்கு வெட்டிவிட்டேன், அதே மலிவுத் துணி, அதே பிளாஸ்டிக் ஜிகினா, நீ கோபித்துக்கொள்ளாதே.

இதையெல்லாம் எழுதக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். "புள்ள அங்க தனியா இருக்கு, அது மனச நோகடிக்காத நெலி, எனக்கு ஒண்ணுமில்ல" என்கிறார். ஒன்றுமில்லைதான், டாக்டரும் அதையேதான் சொல்கிறார். ஆனால் உன் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். நான் பார்க்கும்போது கையை எடுத்துவிடுகிறார். எனக்கு உன்மேல் கோபம் யஸ்னா, ஆறாத கோபம். ஊரில் யாருக்கோ அநியாயம் நடக்கக் கூடாது என்று சட்டையைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவள், இந்த வீட்டில் ஒருவரை மறந்துவிட்டாயே.

வேளைக்குச் சாப்பிடு, இரவில் கதவைப் பூட்டிக்கொண்டு படு. கோபத்திலும் ஆசீர்வாதம் குறையவில்லை, மாதா உன்னை எல்லாக் கெடுதியிலிருந்தும் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, ஜூலை பதினாறாம் தேதி, மாதா திருநாள் காலையில் அப்பாவுக்குப் போன் செய். எனக்கு வேண்டாம், நான் உன் இடத்தில் ஆடிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
நெலிடா