சாயம் ஏறாத இழை

என் உயிர் மாப்ளே காதரு,

நீ போன பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கல்லூரியில் ரசாயனப் பாடம் நடத்தும்போதே கால் செல்லூருக்குக் கிளம்பிவிடுகிறது. உங்கள் சாயப்பட்டறையின் பின்கொட்டகையில், நீ நூல் ஊறவைத்த அமிலத்தின் காடி வாடை இன்னும் போகவில்லை. விஷக்காய்ச்சல் என்றுதான் டாக்டர் சொன்னார். தெருவில் வேறு பேச்சு. "அந்த அமில வாடைதான் புள்ளையக் கொண்டுபோயிருச்சு." அப்படியும் இருக்குமோ மாப்ளே? யாரிடம் போய்க் கேட்பேன்?

நீ கடைசியாக அமிலத்தில் ஊறவைத்து, அலசி, உலர்த்திய பருத்தி நூலைச் சாதா நூலோடு கோடு கோடாகச் சேர்த்து ஒரு துண்டு நெய்யக் கொடுத்தேன். போன வாரம் உன் அத்தாவின் சிவப்புச் சாயத்தொட்டியில் முக்கினோம். எடுத்து அலசினால் துண்டு முழுக்கச் சிவப்பு. உன் நூல் ஓடிய கோடுகள் மட்டும் வெள்ளை! பருத்தியின் குணத்தையே மாற்றிவிட்டாய். சாயம் அதில் ஒட்டவே இல்லை.

நான் துள்ளினேன். உன் அத்தா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாமா, அதக் குடுங்க. இழையில எடையக் கட்டி, எம்புட்டுத் தாங்குதுன்னு பாக்கணும். முந்திச் செஞ்சதெல்லாம் தொட்டாலே பொடிஞ்சுச்சு."

"எதுவரைக்கும் கட்டுவ?"

"அறுந்து விழுற வரைக்கும்."

"அவன் கை பட்ட நூல அறுக்கணுமாக்கும்? போப்பா."

மறுநாளும் போனேன். முகம் கொடுத்தே பேசவில்லை. அதற்கடுத்த நாள் அவரே கொட்டகைக்கு வந்தார். துண்டின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை இழையை உருவி என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒண்ணுதான் தருவேன்."

பக்கத்தில் ஒரு சாதா இழையையும் தொங்கவிட்டு, இரண்டிலும் எடை ஏற்றிக்கொண்டே போனேன். சாதா இழை அறுந்தது. உன்னுடையது இன்னொரு எடையையும் வாங்கிக்கொண்டு, பிறகுதான் அறுந்தது.

"இம்புட்டுத் தாங்குமா எம்மகன் செஞ்சது?" என்றவர், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரே ஓர் இழையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று உனக்குத் தெரியும். இன்னொன்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. யுத்தத்தால் சென்னையிலிருந்து அமிலம் வருவதும் நின்றுவிட்டது. மிச்சம் ஒரு புட்டிதான். மூடியைத் தொட்டாலே தெருவில் பேசியதுதான் நினைவுக்கு வருகிறது. அதை வைத்துக்கொண்டு நான் அங்குமிங்கும் நடப்பதை உன் அத்தா பார்த்திருக்க வேண்டும். நேற்று ஆள் விட்டுக் கொட்டகையின் பின்சுவரை இடித்துவிட்டார்.

"காத்து நல்லா வந்து போகட்டும். நாளைக்கு வந்து செய்யி, மருமவனே."

வருவேன் மாப்ளே. பயத்தோடுதான் வருவேன். நூலை நானே ஊறவைப்பேன். நான் செய்ததை எத்தனை முறை வேண்டுமானாலும் அறுத்துப் பார்ப்பேன். உன் துண்டிலிருந்து இனி ஓர் இழைகூட உருவ மாட்டேன்.

உன் மச்சான்,
சொக்கலிங்கம்