துவைக்காத தாவணி

போன வாரம் உன் அம்மா ஒரு துணிக்கடைப் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "அவளும் நீயும் ஒரே ஒசரம். தூக்கிப் போட மனசு வரல. கட்டிக்கோமா" என்றார். உனக்கு வருஷத் திதி கொடுத்த மறுநாள் அது. உள்ளே நாலு பாவாடை, இரண்டு தாவணி. எல்லாவற்றுக்கும் அடியில் பந்துபோல் சுருட்டிய ஊதாத் தாவணி. அதைப் பிரித்ததும் வௌவால் நாற்றம் அடித்தது.

எங்கள் வீட்டில் அந்த நாற்றம் எனக்கு மட்டும்தான் தெரியும். மடிப்புகளில் மஞ்சளும் சாம்பலும் கலந்த மண் அப்படியே ஒட்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் அப்பாவிடம் காட்டுவதற்காக உன்மேலிருந்து உருவிச் சுருட்டிப் பரணில் போட்ட தாவணி. காட்டினார்கள், அவர் பார்த்தார், காரியம் முடிந்தது. அதற்குப் பிறகு அதைத் துவைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இப்போது என்னைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். வந்த கோபத்தில் பையோடு தெருவில் எறிந்திருப்பேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே இருந்ததால் எறியவில்லை.

அமாவாசை அன்று தறி ஓடாது. நம் தெருவுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தறிக்குக் கொடுக்கும் நம் மூன்று பேருக்கும், உனக்கும் எனக்கும் செல்விக்கும், மாதத்தில் அந்த ஒரு நாள்தான் கை சும்மா இருக்கும். "ஊரெல்லாம் பஸ் புடிச்சி வந்து பாத்துட்டுப் போறான். பொறந்ததுலருந்து இங்கயே இருக்கறோம், நாம இன்னா பாத்தோம்?" என்று கேட்டவள் நீ. கைலாசநாதர் கோயிலுக்குப் போகலாம் என்றவளும் நீ. வீட்டில் காமாட்சியம்மன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அதைத் தாண்டிப் போனால் காலை ஒடிப்பேன் என்று என் அம்மா சொல்லியிருந்தாள்.

அவசரமே இல்லாமல் நடந்தோம். ராஜ வீதியில் ஒவ்வொரு புடவைக் கடையாக நின்றோம். ஒரு கண்ணாடிக்குள் அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட புடவை தொங்கியது. நீ மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்றுவிட்டாய். கடைக்காரர் வெளியே வந்து, "இன்னாம்மா வேணும்?" என்றார். நானும் செல்வியும் பின்னால் நகர்ந்தோம். நீ நகரவில்லை.

"ஒண்ணும் வேணாம்ணா. இது நாங்க சுத்துன நூலு மாதிரி இருக்குது. நல்லா வந்துருக்குதான்னு பாத்துக்கினு இருக்கறோம்."

"அப்போ நீங்கதான் மொதலாளி. உள்ள வாங்க, குடிக்கக் கலர் வாங்கியாரச் சொல்றன்."

மூன்று பேரும் ஓடினோம். தெரு முனையில் செல்வி மூச்சு வாங்கிக்கொண்டு, "நெஜமாவே கலர் குடுத்துருப்பாரோ?" என்றாள். அதற்குச் சிரித்த சிரிப்பு ஏகாம்பரநாதர் கோபுரம் வரைக்கும் நிற்கவில்லை. அங்கே மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா வாங்கித் தின்றுகொண்டே மேற்கே நடந்தோம். தறிச் சத்தம் இல்லாத தெரு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்றாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் சொல்லவில்லை. நான் எதைத்தான் சொன்னேன்? அதனால்தான் எனக்கு நீ ஊமைக்கொட்டான் என்று பெயர் வைத்திருந்தாய்.

அந்தக் கோயிலைப் பார்த்ததும் நீ கையிலிருந்த மீதிக் கொய்யாவைத் தின்ன மறந்தாய். புல்தரைக்கு நடுவில், மழையில் கரைந்த வெல்லம் போல முனை மழுங்கிய கல். தூணுக்குத் தூண் எழுந்து நிற்கும் சிங்கங்கள். உள்ளே மூலவருக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஒரு ஓட்டை. ஒரு வெள்ளைக்கார அம்மாள் அதிலிருந்து தலையை நீட்டி, தோளை நீட்டி, ஊர்ந்து வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டாள். குருக்கள் நம்மைப் பார்த்து, "ஒரு பக்கம் நுழைஞ்சு சுவாமியைச் சுத்திண்டு இன்னொரு பக்கம் வரணும். வந்துட்டா மறுபிறவி கிடையாது" என்றார்.

"எனக்கு வௌவால்னா பயம்பா. செருப்ப நான் பாத்துக்கறேன்" என்றாள் செல்வி.

"உன் அறுந்த செருப்ப எவன் எடுப்பான்?" என்று சொல்லிவிட்டு நீ குனிந்தாய். நானும் உன் பின்னால் நுழைந்தேன். ஏன் நுழைந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நீ எங்கே போனாலும் பின்னாலேயே போகிற வழக்கம், அவ்வளவுதான்.

உள்ளே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் அகலம். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. முன்னாலிருந்து உன் குரல் மட்டும் வந்தது.

"ஏய் ஊமைக்கொட்டான், இருக்கியா?"

"ம்."

"ம்முன்னா எனக்கு எப்படித் தெரியும்? வாயத் தொறந்து சொல்லு."

"இருக்கறன்."

வெளியே வரும் ஓட்டை இன்னும் சின்னது. வயிற்றால்தான் ஊர முடியும். நீ இடுப்பில் சிக்கிக்கொண்டு சிரித்தாய். நான் உன் பாதத்தைப் பிடித்துத் தள்ளினேன். வெளிச்சத்துக்கு வந்ததும் உன்னைப் பார்த்தேன். தாவணி, பாவாடை, முழங்கை, தலைமுடி, எல்லாம் மண். "இனிமே பொறக்க மாட்டமாம். அப்போ இந்தப் பொறப்புலயே கப் ஐஸ் தின்னுடணும்பா" என்றாய். வாசலில் சைக்கிள்காரரிடம் வாங்கித் தின்றோம்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதத்தான் இந்தக் கடிதமே. சாலையோரத்தில் அடி பம்பு இருந்தது. நான் செல்வியை அடிக்கச் சொல்லி என் கை, கால், பாவாடை, தாவணி எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நீ பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாய். "எதுக்குடி அப்படித் தேய்க்கற? இப்பத்தான பொறந்துருக்கறோம். பொறந்த கொழந்த மேல அழுக்கு இருக்கத்தான செய்யும்" என்றாய். என் துணி வீடு வருவதற்குள் வெயிலில் காய்ந்துவிட்டது. உன் மண் உன்னோடு வந்தது.

தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடங்களோடு எல்லோரும் நின்றார்கள், என் அம்மாவும் சேர்த்து. உன் அத்தைதான் முதலில் பார்த்தாள்.

"எங்கடி போய் உருண்டுட்டு வர்ற?"

"கைலாசநாதர் கோயிலுக்கு அத்தை. உள்ள ஒரு ஓட்டை இருக்குது, பூந்து வந்தோம்."

"கோயிலுக்குப் போனவ நெத்தியில விபூதியோட வருவா. நீ மண்ணோட வர்ற. அந்தப் பக்கம் வயக்காடுதான இருக்குது? எவன் கூடடி போன?"

நீ சிரித்தாய். அதை வேடிக்கை என்றுதான் அப்போது நினைத்தாய். அத்தை செல்வியைப் பிடித்தாள். "நான் வெளியவே நின்னுக்கினு இருந்தன்" என்றாள் அவள். அது உண்மைதான். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவளப் பாரு, பூப்போல இருக்கறா. நீ பூந்தியாடி?"

என் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் சிரிப்பு அப்போதுதான் நின்றது. "அவளும்தான் பூந்தா" என்று சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நீ சொல்லவில்லை. அதனால் உன்மேலும் எனக்குக் கோபம். என்னை ஏன் காப்பாற்றினாய்? உன்னை யார் கேட்டார்கள்?

அன்றோடு நீ நூல் சுற்ற வருவது நின்றது. பதினெட்டு முடிந்ததும் முடியாததுமாக, இரண்டே மாதத்தில் தென்னேரிப் பக்கம் உன்னைக் கட்டிக்கொடுத்தார்கள். "பேச்சு பரவுறதுக்குள்ள முடிச்சிட்டோம்" என்று உன் அத்தை பெருமையாகச் சொன்னாள். பேச்சைப் பரப்பியவளே அவள்தான். கல்யாணத்தன்று உன் ஜடையைச் சரிசெய்கிற சாக்கில் உன் காதோரம், "நான் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "விடுபா. உங்கம்மா உன்ன உரிச்சிடுவாங்க" என்றாய். நானும் விட்டேன். எவ்வளவு சுலபமாக விட்டேன்.

உனக்கு வயிற்றில் எட்டாம் மாதம் நடக்கும்போது மஞ்சள் காமாலை வந்தது. அந்த வீட்டில் மருந்தென்று பச்சிலையை அரைத்து அரைத்துக் கொடுத்தார்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உனக்கு நினைவில்லை. வயிற்றிலிருந்ததும் உன்னோடு போயிற்று. எல்லோரும் விதி என்றார்கள். எந்த விதி? நம் தெருவிலிருந்து கோயில் இரண்டு மைல்கூட இல்லை. அவ்வளவு பேரில் ஒருவர், ஒரே ஒருவர், நடந்து போய் அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்திருந்தால் போதும். சிவராத்திரிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வருகிற கூட்டம் இது. ஊருக்குள் இருக்கும் கல்லை வெளியூர்க்காரன் பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டு, உன் தாவணியை மட்டும் உற்று உற்றுப் பார்த்தார்கள்.

அந்தத் தாவணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது குருக்கள் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. மறுபிறவி இல்லை. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அப்படியென்றால் அடுத்த பிறவியில் உன்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூட எனக்கு வழியில்லை. எதைச் சொல்வதானாலும் இங்கேயே, இந்தத் தெருவிலேயே சொல்லித் தொலைக்க வேண்டும்.

நேற்று அமாவாசை. தாவணியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததில் "பெரிம்மா, அன்னிக்கு நானும் உள்ள பூந்தேன். நான் கழுவிக்கினேன். அவ கழுவல. அவ்ளோதான்" என்று மட்டும் வந்தது.

உன் அம்மாவின் கையில் முறம் அப்படியே நின்றது. அத்தைதான் பேசினாள். "செத்தவளப் பத்தி இப்ப இன்னாத்துக்குப் பேச்சு?"

"உயிரோட இருக்கசொல்ல நீங்கதான பேசுனீங்க" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "வாங்க பெரிம்மா, காட்டறன்."

உன் அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். நாம் போன அதே வழியில் போனோம். ராஜ வீதியில் அவர் எந்தக் கடையையும் பார்க்கவில்லை. கோயிலில் அந்த ஓட்டைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு மண்டியிட்டுத் தலையை நுழைத்தார், தோளை நுழைத்தார். அதற்கு மேல் போக முடியவில்லை. பின்வாங்கி எழுந்தபோது புடவை முன்பக்கம் முழுக்க அந்த மண். கையால் தட்டினார், போகவில்லை. என் கையிலிருந்த உன் தாவணியை வாங்கித் தன் புடவையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். ஒரே நிறம்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லமா" என்று தாவணியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பம்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். தெருவுக்கு வந்தபோது குழாயில் தண்ணீர் வரும் நேரம். "இன்னாக்கா இது, பொடவையெல்லாம் மண்ணு?" என்று யாரோ கேட்டார்கள். உன் அம்மா என்னைப் பார்த்தார். என் அம்மா குடத்தோடு அங்கேதான் நின்றிருந்தாள்.

"கைலாசநாதர் கோயில் ஓட்டையில பூந்தா இப்படித்தான் ஆவும்" என்றேன். "அன்னிக்கு அவ இப்படித்தான் வந்தா. நானும் கூடப் பூந்தேன். கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன்."

தண்ணீர் வழிந்த குடத்தை யாரும் நகர்த்தவில்லை.

என் அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. உன் அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் கொஞ்சமும் தீரவில்லை, தீரவும் வேண்டாம். இருட்டில் நீ கேட்டதற்கு நான் சொன்ன ஒரு சொல்தான் உன்னிடமிருந்து எனக்கு மிச்சம்: இருக்கறன். வாயைத் திறந்து சொல்கிறேன், இருக்கறன்.

உன் தாவணியை இன்றைக்குக் கட்டிக்கொண்டுதான் நூல் சுற்றப் போனேன். அதைத் துவைக்கவில்லை. நேற்றுக் குழாயடியில் இல்லாதவர்கள் தெருவில் பாதிப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவராக இது என்ன மண் என்று கேட்க வேண்டும்.