ஒயரைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கிய கிட்டார்

இன்று காலை சென்னை விடுதியிலிருந்து என் மகள் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். ஒன்றில் உடல் மெலிந்த கிட்டார், பக்கவாட்டில் ஒயர் குத்தும் துளையோடு. மற்றதில் பயணத்துக்கென்றே செய்த சின்னக் கிட்டார். “எதுப்பா வாங்கட்டும்? ரூம்ல இடமே இல்ல” என்று கேட்டிருந்தாள். முதல் படத்தைப் பார்த்ததும் உன் குரல்தான் காதில் விழுந்தது.

நீ போய் எட்டு மாதமாகிறது. இறந்தவனுக்கு எழுதும்போது நல்லதை மட்டுமே எழுத வேண்டுமாம். என்னால் முடியாது. விளைச்சலை ஆலயத்தில் காணிக்கையாக்கும் அந்த அறுப்பின் பண்டிகையன்று நீ மறந்தாயா, வேண்டுமென்றே செய்தாயா என்ற ஒரே கேள்வியோடு ஆறு வருடம் உன்னிடம் பேசாமல் இருந்தவன் நான்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து நாம் இருவரும் ஒரே வருடத்தில்தான் திருப்பூருக்கு வந்தோம். எம்.ஏ. படித்த நான் ஏற்றுமதி அலுவலகத்தில் துணியின் தரம் பார்த்தேன். படிப்பைப் பாதியில் விட்ட நீ அருள்புரத்தில் நிட்டிங் யூனிட்டுக்கே மேற்பார்வையாளன் ஆனாய். நல்லூர் ஆலயத்துப் பாடகர் குழுவுக்கும் நீதான் தலைவன். பெரிய உடல் கொண்ட உன் கிட்டாரைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. கடைக்கு உன்னையே கூட்டிப்போனேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

என் கண் உன்னுடையதைப் போன்ற பெரியதன் மேல் இருந்தது. நீ மெலிந்ததை எடுத்து, கடை ஸ்பீக்கரின் ஒயரைக் குத்தி, என் மடியில் வைத்தாய்.

“ஏல மக்கா, பெரிய வயிறு ஸ்பீக்கர் சத்தத்த வாங்கிக் கூவும். இது கூவாது. வண்டில முதுகுல மாட்டிட்டு வேற வரணும். பெருச வாங்குனா நீ கிட்டாரக் கொண்டாரமாட்ட, கிட்டார்தான் ஒன்னக் கொண்டாரும்.”

கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “ஏனுங்க, அந்த ஒயரக் கழட்டிப்போட்டு ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. மெலிசுல வெறும் சத்தம் கம்மியாத்தானுங்க இருக்கும்.”

“கழட்டி எதுக்கு அண்ணாச்சி? இவன் கோயில்ல ஸ்பீக்கரோடதான வாசிக்கப் போறான், கெணத்துக்குள்ளயா?” என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்ததற்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

துணியைத் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து பார்க்காமல் நாம் ஒரு ரோலைக்கூட ஏற்றதில்லை. பளபளப்பைக் காட்டி ஏமாற்றப் பார்த்தவர்கள் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அப்படிப்பட்ட இரண்டு பேர், ஸ்பீக்கர் தந்த மினுமினுப்பை மட்டும் கேட்டுவிட்டு ஒரு கிட்டாரை ஏற்றுக்கொண்டோம். வீட்டில் ஒயர் இல்லாமல் வாசித்தபோது, பக்கத்து யூனிட்டின் தையல் மெஷின் சத்தத்தில் அது இருக்கும் இடமே தெரியவில்லை.

மகளுக்கு இதைத்தான் எழுதினேன்: “சின்னதோ மெலிசோ, எதுவானாலும் சரி. ஒயரைக் கழற்றிவிட்டு வாசி. கடையின் அந்தக் கோடியில் உன் தோழியை நிற்கச் சொல். அவளுக்குக் கேட்டால் வாங்கு.” ஏன் என்று கேட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஆலயத்தில் என் கிட்டாரின் ஒயர், ஓசையைக் கூட்டிக் குறைக்கும் உன் மிக்சருக்குப் போனது. அதன் பிறகு என் ஓசை எவ்வளவு வெளியே போகலாம் என்பதை உன் விரல்தான் முடிவு செய்தது. மாதத்துக்கு மாதம் அது குறைந்தது. மூன்றாம் வரிசையில் உட்காரும் என் மனைவியே, “நீங்க வாசிக்கது கேக்கவே இல்லியே” என்றாள். உன்னிடம் கேட்டேன். “தூக்குனா கூவுதுல்லா மக்கா” என்றாய். கூவாது என்று சொல்லித்தானே அதை என் மடியில் வைத்தாய்? இதை நான் அப்போதே உன் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். படித்தவன் என்ற மிதப்பில் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு அந்த அறுப்பின் பண்டிகை. வயல்காட்டை விட்டு வந்த நம் சனங்கள் நெல்லுக்கும் வாழைத்தாருக்கும் பதிலாகப் பனியன் பெட்டிகளைப் பீடத்தின் முன் அடுக்கியிருந்தார்கள். காணிக்கைப் பாட்டுக்கு முன்னால் நான்கு நிமிட முன்னிசை. நானே அமைத்தது, நான் மட்டுமே வாசிப்பது. மூன்று மாதம் பழகியிருந்தேன். என் காலடியில் இருந்த சிறிய ஸ்பீக்கரில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கண்ணை மூடி வாசித்தேன். பாதியில் போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். ஏதோ தாமதம் என்று நினைத்திருக்கிறார். சபைக்குப் போகும் ஓசையை நீ முழுவதுமாக இறக்கி வைத்திருந்தாய்.

“வெறுங்கைய ஆட்டிட்டு இருந்த மாதிரில்லா இருந்திச்சு” என்றாள் என் மனைவி. அவள் சிரிக்கவில்லை. பின்வரிசையில் சிரித்தார்கள்.

நீ சொன்னது இவ்வளவுதான்: “மறந்துட்டேன் மக்கா. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கியே.”

அன்றோடு குழுவை விட்டேன். பல்லடம் சாலையில் எதிரே வந்தாலும் வண்டியை ஓரம் திருப்பினேன். உனக்கு நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டபோதும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அடக்கத்துக்கு வந்தேன்; கடைசி வரிசையில் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து அருள்புரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தேநீர் கொடுத்துவிட்டு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்னார்.

“அண்ணே, ஒங்க வாசிப்புன்னா அவியளுக்கு உசுரு. அந்தப் பண்டிகை அன்னைக்கு நான் மிக்சர் பக்கத்துலதான் நின்னேன். ‘ஏன் ஒண்ணும் கேக்கல’ன்னேன். காதுல மாட்டுன ஹெட்போனக் கழட்டாமலே, ‘பேசாத, அவன் வாசிக்கான்’னு சொன்னாவ. கடைசி வரைக்கும் அசையல.”

மிக்சரில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், சபைக்குப் போகாத ஓசைகூட ஹெட்போனில் மட்டும் தனியாகக் கேட்கும். தேநீரைக் குடித்து முடித்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறந்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். கேட்கச் சகிக்காமல் இறக்கியிருந்தாலும் ஒருநாள் மன்னித்திருப்பேன். நீயோ முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை கேட்டிருக்கிறாய். நன்றாக இருக்கிறது என்று தெரிந்தேதான் அதை உன் காதோடு நிறுத்திக்கொண்டாய்.

அந்த முன்னிசையை இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கிறேன். நடுவில் ஓர் இடத்தில் சுண்டுவிரல் எட்டாமல் நழுவும். அறையில் யாரும் இருப்பதில்லை. ஆனாலும் அது உன் காதில் விழுந்திருக்கும் என்று கூசி, நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.