நான் தேய்த்த சட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நலம். உன் முதுகுவலியும் பாப்பாவின் இருமலும் குறைந்ததா?

சூப்பர்வைசர் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் உங்களுக்கான விசாவும் இப்போதைக்கு இல்லை. நான் வேலை பழக்கிவிட்டவனுக்கே கொடுத்துவிட்டார்கள். அவனுடைய புதுச் சட்டையை எங்கள் சலவைக்கூடத்தில் நான்தான் தேய்த்தேன். மடிப்பு கத்தி மாதிரி நின்றது, சிரித்துக்கொள்.

ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுப்பினார்கள். “எனக்கு இன்னும் மனசு ஆறல. ஆனா ஆண்டவர் என்னை விட்டுப் போகல. அது போதும்னு சொல்லப் பழகுறேன்” என்றேன்.

பயணத்துக்கென்று எடுத்துவைத்த கவுனை இந்த ஞாயிறே பாப்பாவுக்குப் போட்டு ஆலயத்துக்குக் கூட்டிப்போ, வளர்கிற பிள்ளை. ஒரு போட்டோ அனுப்பு. நீயும் பக்கத்தில் நில்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன்னவன்