அம்மாவின் மேல்வரிசைப் பற்கள்

நவ. 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். எரியோட்டிலிருந்து திண்டுக்கல் வரை பஸ் ஜன்னல் மூட வரவில்லை. வலது தோள் முழுக்க ஈரம்.

அம்மாவுக்கு இன்று பல் எடுப்பு. மேல்வரிசையில் மிச்சமிருந்த எட்டும். எல்லாம் ஆட்டம். சர்க்கரை இறங்கட்டும் என்று பல் டாக்டர் இரண்டு மாதம் காக்க வைத்திருந்தார்.

அப்பா லீவு. அவருடைய மில் பஸ்ஸை இன்று வேறு டிரைவர் ஓட்டுகிறார். வழி முழுக்க அதே கவலை. "கிளட்ச்ச மிதிச்சே கொன்னுருவான் அவன்."

முக்கால் மணி நேரம். பல் செட் முன்பே தயார். போன மாதம் அளவு எடுத்துச் செய்து வைத்தது. பிடுங்கித் தையல் போட்ட கையோடு அதே இடத்தில் மாட்டிவிட்டார்கள். ரத்தத்தின் மேல் பல். உள்ளே போனபோதும் அம்மாவுக்குப் பல் இருந்தது, வெளியே வந்தபோதும் இருந்தது. நடுவில் நடந்ததற்கு டா. மட்டும் சாட்சி.

டா. சொன்னவை, மறக்கும் முன்:
- நாளை அவர் கழற்றும்வரை கழற்றக் கூடாது. கழற்றினால் வீக்கத்தில் திரும்ப ஏறாது.
- ஆறிய கஞ்சி, இளநீர். உறிஞ்சக் கூடாது. இன்று கொப்பளிக்கவும் கூடாது.
- 11ஆம் தேதி தையல் பிரிப்பு.
- காயம் ஆற ஆற ஈறு வற்றும். செட் தளரும். அப்போது உள்ளே மெத்தை மாதிரி ஒன்று பூசுவார். டிஷ்யூ கண்டிஷனர். சில மாதத்துக்கு அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

யாருக்கும் சொல்லக் கூடாது. இது டா. சொன்னதல்ல, அம்மா. நேற்றே சத்தியம் வாங்கிவிட்டாள். "இந்த வயசுல இவளுக்குப் பல்லு கேக்குதாக்கும்னு பேசுவாளுக."

திரும்பும் பஸ்ஸில் வாயில் துண்டோடு அப்பாவின் தோளில் தூங்கினாள். அப்பா இறங்கும்வரை அசையவில்லை.


நவ. 5, புதன்

மழை இல்லை. வெக்கை.

டா. செட்டைக் கழற்றும்போது அப்பாவை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள் அம்மா. நான் இருக்கலாமாம்.

எடுத்ததும் மேல் உதடு உள்ளே போய்விட்டது. மூக்குக்கும் தாடைக்கும் நடுவில் ஒன்றுமில்லை. ஒரு நிமிடம். யாரோ ஒருத்தி அம்மாவின் கண்களை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த பற்பசை விளம்பரத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

செட்டில் உறுத்திய இடத்தை ராவி, திரும்ப மாட்டினார்கள். அதன் பிறகுதான் அப்பாவுக்கு அனுமதி. குனிந்து, லாரிக்கு அடியில் பார்ப்பது போல் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்தப்பகூட இம்புட்டு வரிசையா இல்லியே."

அம்மாவால் சிரிக்க முடியவில்லை. அவர் கையைக் கிள்ளினாள்.


நவ. 8, சனி

வெயில். கல்லூரி இல்லை. இரண்டாம் ஆண்டு விடைத்தாள் கட்டு அப்படியே. கௌரவ விரிவுரையாளர் என்றால் கௌரவமாகத் தள்ளிப்போடலாம்.

அம்மா பேசிப் பழகுகிறாள். செய்தித்தாளை உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறார் டா. 'ச' எல்லாம் காற்றாகப் போகிறது. அப்பா எதிரில் நாற்காலி போட்டு, வாத்தியார் வேலை. "சீனிச் சட்டி சிந்திச் சிதறிருச்சு. எங்க, சொல்லு பாப்போம்."

"போய்யா."

ஐந்து நாளில் முதல் சுத்தமான சொல். மூன்று பேரும் சிரித்தோம். அம்மா வாயை மூடும் துண்டை மறந்து.

வாங்க: பஞ்சு, அம்மா மாத்திரை, சிவப்பு மை.


நவ. 10, திங்கள்

அப்பா.

காலை ஐந்தே முக்கால். மில் பஸ் கிளம்பும் முன். ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்தார்களாம்.


நவ. 12, புதன்

நேற்று எரித்தார்கள். சித்தப்பா கொள்ளி வைத்தார். இன்று பால் ஊற்றிவிட்டு வந்துவிட்டார்கள். என்ன கிழமை என்று செல்போனைப் பார்த்து எழுதுகிறேன்.

செய்தி வந்ததும் அம்மா அலறினாள். ஒரே தடவை. வாய் அத்தனை பெரிதாகத் திறந்ததில் செட் நழுவி நாக்கில் விழுந்தது. நான் பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதோடு சரி.

பெண்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். தெரு முனையிலேயே குரல் எடுத்து, வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். கட்டிக்கொண்டவளும் குரல் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. ஒருத்தி ஒரு சொல் போட, இவள் ஒரு சொல் போட வேண்டும். அம்மா போடவில்லை. முந்தானையை வாயில் அழுத்தி, உதட்டை இறுக்கி. கண் மட்டும் தண்ணீராக. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கண்ணீர் எல்லோருக்கும் வரும். அழுகை என்பது சத்தம்.

அப்பாவின் அக்கா, நத்தம் அத்தை, முதலில் கெஞ்சினாள். "அழுதுரு ஜெயா. அழுதுரு ஆத்தா. உள்ள வச்சேன்னா நெஞ்ச அடைச்சுக்கும்."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்பாவைத் தூக்கும்போதும் அப்படித்தான். யாரோ, எனக்குப் பின்னால்: "கல்லுடி இவ."

எனக்கு அழுகை வந்தது. அழும்போதே இதை எழுதுவதற்கு ஒரு வாக்கியமும் ஓடியது, உள்ளே, நிறுத்தற்குறியோடு. எந்த மாதிரிப் பிறவி நான்.


நவ. 13, வியாழன்

காற்று. பந்தல் துணி படபடத்துக்கொண்டே இருக்கிறது.

நேற்று முன்தினம் தையல் பிரித்திருக்க வேண்டும். அன்றுதான் எரித்தோம். மறந்தே போனது.

அத்தை பதினாறு முடியும்வரை இங்கேதான். பாத்திரம் துலக்குகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம், எனக்குக் கேட்கும்படியே: "முப்பது வருசம் சோறு போட்டவன். அவனுக்கு ஒரு சொல்லு அழ மாட்டேங்குறாளே. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கா?"

உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னேன், செட்டைக் கழற்றி வைத்துவிடு, அழு, யார் என்ன நினைத்தால் என்ன. சத்தமில்லாமல்தான் சொன்னேன்.

அம்மா முந்தானையை வாயோரம் இழுத்துக்கொண்டாள். பிறகு, உதடு பிரியாமல்: "உங்கப்பா கடைசியாப் பாத்த மூஞ்சி இதான். கழட்டுனா அதுவும் போயிரும்."

இரவும் பகலும் போட்டே இருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. கழற்றிக் கழுவுவதுகூட இல்லை. பக்கத்தில் போனால் வாடை.


நவ. 15, சனி

நான் செய்த முட்டாள்தனத்தை எழுதி வைக்கிறேன்.

செட் ஆடுகிறது. கஞ்சி விழுங்கும்போதே கீழே இறங்குகிறது. அம்மா பதினாறு முடியாமல் வாசல்படி தாண்டக் கூடாது. செட் தாண்டிப்போய் அந்த மெத்தையைப் பூசிக்கொண்டு வரலாம்தானே? அதற்கு யார் தடை? அம்மாவிடம் பேசிப் பேசி வாங்கினேன். கொடுக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கழுவி, ஈரப் பஞ்சில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, தி.கல் பஸ் ஏறினேன். மடியில் அம்மாவின் பல். பக்கத்தில் இருந்தவர் கேட்டார், "சாப்பாடாம்மா?" ஆமாம் என்றேன்.

டா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒட்டன்சத்திரம் பக்கம். டப்பாவைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "அம்மா எங்கீங்க?"

சொன்னேன். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"செட்ட மட்டும் வச்சுட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அந்த மருந்து பவுடரும் தண்ணியும் கலக்கறது. கூழாட்டம் இருக்கும். உள்பக்கமா ஊத்தி, அம்மா வாய்ல வச்சு, அவங்க வாய அசைச்சு அசைச்சு, அங்கதான் அது உறையணும். வாய் வந்தே ஆகணுங்க."

பிறகு: தையல் இன்னும் உள்ளேயே இருக்கிறது, சர்க்கரை உடம்பு, சீழ் பிடித்தால் சிரமம். சீக்கிரம் கூட்டி வாருங்கள்.

கட்டணம் வாங்கவில்லை. "நா ஒண்ணுமே பண்ணலியே."

வீடு வந்தபோது அம்மா அதே சுவரைப் பார்த்து, முகத்தின் மேல் துண்டு போட்டு. காலையிலிருந்து திரும்பவேயில்லையாம். அத்தை வைத்த கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது. டப்பாச் சத்தம் கேட்டுக் கை மட்டும் பின்னால் நீண்டது.

போட்டபோது வலியில் காலை உதைத்தாள்.


நவ. 16, ஞாயிறு

மேகம், மழை இல்லை.

சத்தியத்தை உடைத்தேன். அத்தையிடம் சொல்லிவிட்டேன். பல் எடுத்தது, செட், தையல், டா. சொன்னது, எல்லாம். அப்பாதான் கூட்டிப் போனார் என்பதையும்.

அத்தை புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "எப்பப் புடுங்குனது?"

"நாலாந் தேதி, அத்த."

அப்பா போன நாள்வரை விரல் மடக்கினாள். ஆறு விரல்.

"பல்லப் புடுங்குன நேரம், வீட்டுத் தூணையே புடுங்கிருச்சு."

உள்ளே அம்மா இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. படித்த திமிர் என்று ஏதோ வந்தது அத்தையிடமிருந்து. பிறகு குரல் இறங்கி: "பதினாறு முடியாம இவ வெளிய போனா ஊரு என்ன பேசும்? அதுவும் பல்லுக்கு! ஏற்கெனவே அழலேன்னு பேசுறாளுக. இன்னும் ஒம்போது நாளு. பொறுத்துக்கிற மாட்டாளா?"

அம்மாவிடம் போனேன். "போகல" என்றாள். அத்தை சொன்னதை அவளும் நம்புகிறாளா? கேட்கத் தைரியமில்லை.


நவ. 17, திங்கள்

கல்லூரியிலிருந்து போன், விடைத்தாள் எப்போது. புதன் என்றேன். பொய்.

அம்மாவுக்குக் காய்ச்சல். மேல் உதடு வீங்கி மூக்கோடு ஒட்டியிருக்கிறது. தண்ணீர் மட்டும். கன்னத்தைத் தொட விடவில்லை.

அத்தை இரண்டு தடவை வந்து கதவருகே நின்றுவிட்டுப் போனாள். மாலையில் மிளகு ரசம் வடிகட்டி, ஆற்றி, டம்ளரில் கொண்டுவந்து வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.


நவ. 18, செவ்வாய்

காலையில் அம்மா எழுந்து தலையை முடிந்துகொண்டாள். செருப்பைத் தேடினாள். எட்டு நாளாக யாரும் எடுக்காத செருப்பு, பந்தல்கால் ஓரம் மண்ணோடு.

வாசலில் அத்தை. நான் சண்டைக்குத் தயாராக.

"ஜெயா," என்றாள் அத்தை. அம்மா நின்றாள். வீங்கிய முகத்தை அத்தை இன்றுதான் வெளிச்சத்தில் பார்க்கிறாள். "சேலையத் தலையில போட்டுக்க. பஸ்ஸு வேணாம், ஆட்டோவுல போ." என்னிடம்: "ஏ புள்ள, செத்த நேரத்துல கூட்டியாந்துரு."

ஆட்டோவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேடசந்தூர் பக்கமிருந்து ஒரு மில் பஸ் எதிரே வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். வேறு மில். சொன்னேன். மூடியே இருந்தாள்.

டா. தையல் பிரித்தார். கழுவினார், நிறையக் கழுவினார். அழுத்திப் புண்ணான இடத்தில் செட்டை ராவினார். ஊசி ஒன்று, மாத்திரை எழுதினார். ஒரு சின்னக் கோப்பையில் பவுடரைக் கொட்டி அந்த மருந்துத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினார். சாராய நெடி. செட்டின் உள்பக்கம் வழித்து ஊற்றி, அம்மாவின் வாயில் வைத்தார்.

"உறைய அஞ்சு நிமிசம் ஆகுங்கம்மா. அது வரைக்கும் எடுக்க முடியாது. வாய அசைங்க. அசைச்சாத்தான் உங்க வாயோட உருவம் அதுல பதியும். ஏதாச்சும் பேசுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். என்ன பேசுவது?

"ஒண்ணு ரெண்டு எண்ணுனாக்கூடப் போதுங்க."

எண்ணினாள். மெதுவாக, கூழ் வழிய. ஒண்ணு. ரெண்டு. மூணு. டா. கன்னத்தை அழுத்திவிட்டுக்கொண்டே இருந்தார். ஏழு. எட்டு. ஒம்போது.

நின்றுவிட்டாள். அப்பா போய் இன்று ஒன்பதாம் நாள்.

"பத்து," டா. எடுத்துக் கொடுத்தார்.

அம்மா பத்து சொல்லவில்லை. நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"ஏ ராசா... பல்லக் கட்டிப் பாத்தியே... பாத்துச் சிரிக்க ஆளில்லாம ஆக்கிட்டுப் போனியே ஐயா..."

அந்தக் குரலை நான் கேட்டதேயில்லை. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவளிடம் ஓடினேன். டா. தலையசைத்தார், வேண்டாம் என்று. இரண்டு விரலால் செட்டை மேலே தாங்கியபடி அப்படியே நின்றார். கையுறை முழுக்க எச்சில், கண்ணீர். அம்மா அவர் கையை விலக்கவில்லை. அந்தக் கைக்கு நடுவிலேயே அழுதாள், சொல் சொல்லாக, முறை தவறாமல்.

சுவர்க் கடிகாரம். ஐந்து நிமிடம் ஆயிற்று. டா. விரலை எடுத்தார். செட் விழவில்லை. அம்மா நிறுத்தவில்லை.